யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்?

பண்ணைக்காடு என்ற மலையூரின் பேருந்து நிறுத்தத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் சித்தப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். மழை விட்டும் விடாத காலை. காசு கொடுக்கச் சித்தப்பா தன் புது ஃபோனை எடுத்து, மேசையில் ஒட்டியிருந்த கியூஆர் கட்டத்துக்கு நேரே பிடித்தார். திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது: கேமராவைப் பயன்படுத்த இந்தச் செயலியை அனுமதிக்கவா?

"ஏம்ப்பா, கேமராவும் இந்த ஃபோனுக்குள்ளதானே இருக்கு? உள்ளுக்குள்ளயே யாரு யாருகிட்ட அனுமதி கேக்குறா?" என்றார்.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். என் தொழிலின் அடித்தளத்தை இவ்வளவு நேராக யாரும் என்னிடம் கேட்டதில்லை. இன்னும் இரண்டு டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

முதலில் வேலி

ஃபோனுக்குள் ஒரே நேரத்தில் எத்தனையோ நிரல்கள் ஓடுகின்றன. அப்படி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலைப் புராசஸ் என்பார்கள். பணம் அனுப்பும் செயலி ஒரு புராசஸ். கேமராவை இயக்குவது இன்னொன்று. திரையில் படம் வரைவது வேறொன்று.

ஒவ்வொரு புராசஸும் வேலி போட்ட தோட்டம். தன் நினைவகத்தை மட்டும்தான் அதனால் தொட முடியும். பக்கத்துத் தோட்டம் அதன் கண்ணுக்கே தெரியாது. இந்த வேலியைப் போடுவது சில்லும், இயங்குதளத்தின் மையமான கெர்னலும் சேர்ந்து. வேலி இல்லையென்றால், ஏதோ ஒரு விளையாட்டுச் செயலி உங்கள் வங்கிச் செயலியின் நினைவகத்தை வாசித்துவிடும்.

வேலி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஆண்ட்ராய்டு 2015-இல் பார்த்தது. வீடியோ கோப்புகளைப் பிரித்துப் படிக்கும் பகுதியில் ‘ஸ்டேஜ்ஃப்ரைட்’ என்ற பெரிய ஓட்டை வெளிப்பட்டது. நஞ்சு கலந்த ஒரு வீடியோ வந்து சேர்ந்தாலே போதும், அந்நியர் உள்ளே நுழைந்துவிடலாம். அப்போது வீடியோ படிப்பது, ஒலி, கேமரா எல்லாம் ஒரே புராசஸுக்குள் இருந்தன. ஒரு கதவு உடைந்தால் எல்லா அறைகளும் திறந்த மாதிரி. அடுத்த ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 7-இல் அவற்றைத் தனித்தனிப் புராசஸ்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேவையான உரிமையை மட்டும் கொடுத்தார்கள். கேமராவும் அப்படித்தான் தனி வீட்டுக்குப் போனது.

வேலி போட்டதும் அடுத்த கேள்வி வருகிறது. இரண்டு பக்கத்தாரும் பேசியாக வேண்டுமே, எப்படி? புராசஸ்களுக்கு இடையிலான தொடர்பு என்ற துறை முழுவதும் இந்தக் கேள்விக்கான பதில்தான். செய்தியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சேர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள், எதுவரை காத்திருக்கிறார்கள் என்பதைத் தீர்மானிப்பதில்தான் வித்தை இருக்கிறது.

பல்ப்பரும் தொட்டியும்

இதற்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. சித்தப்பாவின் தோட்டத்தில் காபி இருக்கிறது. பறித்த பழம் தொட்டிக்கு வருகிறது. தொட்டியிலிருந்து பல்ப்பருக்குப் போய்த் தோல் உரிகிறது. உரிந்த கொட்டை அடுத்த தொட்டியில் ஊறுகிறது. பிறகு கழுவிக் களத்தில் காயப் போடுகிறார்கள். பறிப்பவருக்குக் களத்தைப் பற்றிக் கவலையில்லை. களத்தில் கிளறுபவருக்குப் பறிப்பவரைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டியது தன் முன்னால் இருக்கும் தொட்டியும் பின்னால் இருக்கும் தொட்டியும்தான்.

பெல் ஆய்வகத்தில் இருந்த டக் மெக்கல்ராய் இதே யோசனையை 1964-இல் ஒரு குறிப்பாக எழுதிவைத்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ்களை ஒன்றோடொன்று திருகிச் சேர்ப்பதுபோல, ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலின் உள்ளீட்டோடு சேர்க்க முடிய வேண்டும் என்பது அதன் சாரம். 1973-இல் அதே ஆய்வகத்தின் கென் தாம்சன் அதை யூனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்குள் கொண்டுவந்தார். பைப் என்று பெயர். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளிவந்த பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் முதல் பெரிய சர்வர்கள் வரை, இன்றும் இரண்டு கட்டளைகளுக்கு நடுவே ஒரு நின்ற கோடு போட்டால் பைப் தயார்.

அந்தக் கோட்டுக்குள் ஒரு தொட்டி இருக்கிறது. லினக்ஸில் அதன் வழக்கமான கொள்ளளவு 65,536 பைட். தொட்டி நிறைந்துவிட்டால், எழுதும் புராசஸைக் கெர்னல் தூங்க வைத்துவிடும். வாசிப்பவர் கொஞ்சம் எடுத்ததும் எழுப்பிவிடும். தொட்டி காலியாக இருந்தால் வாசிப்பவருக்குத் தூக்கம். இரண்டு நிரலும் இதற்காக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

"தொட்டியப் பெருசாக் கட்டிட்டா யாரும் நிக்க வேணாமே?" என்று கேட்டார் சித்தப்பா.

பலரும் செய்யும் தவறு அது. பறிப்பது நாளுக்குப் பத்து மூட்டை, பல்ப்பர் உரிப்பது எட்டு மூட்டை என்றால், எவ்வளவு பெரிய தொட்டியும் ஒருநாள் நிறைந்துதான் தீரும். அதற்குள் அடியில் கிடக்கும் பழம் புளித்துப் போகும். பறித்த அன்றைக்கே பல்ப்பரில் போட வேண்டும் என்பது அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணினியிலும் அளவில்லாத தொட்டி நினைவகத்தைத் தின்று, சம்பந்தமில்லாத புராசஸ்களையும் மூச்சுத் திணற வைக்கும். உள்ளே கிடக்கும் செய்திகளும் பழசாகிவிடும். ஆகவே முதல் கொள்கை இது: தொட்டிக்கு ஓர் அளவு வேண்டும், நிறைந்தால் முன்னால் இருப்பவர் நிற்க வேண்டும். அந்த நிறுத்தம்தான் பின்னால் நெரிசல் என்பதை முன்னால் இருப்பவருக்குத் தெரிவிக்கும் சேதி.

மூட்டையும் சீட்டும்

செய்தியை நகலெடுத்துக் கொடுப்பது ஒரு வழி. இரண்டு புராசஸ்களும் ஒரே நினைவகத் துண்டைப் பார்க்கும்படி விடுவது இன்னொரு வழி. நகல் பாதுகாப்பானது, கொடுத்தபின் என் பிரதியை நான் என்ன செய்தாலும் உங்கள் பிரதி மாறாது. ஆனால் பெரிய பொருளை நகலெடுக்க நேரமாகும்.

ஆண்ட்ராய்டில் புராசஸ்கள் பேசிக்கொள்ளும் வழிக்கு பைண்டர் என்று பெயர். பி (Be) என்ற நிறுவனத்திலும் பிறகு பாம்சோர்ஸ் நிறுவனத்திலும் வளர்ந்த ஓபன்பைண்டர் என்ற யோசனையிலிருந்து வந்தது. அதில் ஒரு புராசஸுக்கு நடப்பிலுள்ள எல்லாச் செய்திகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1 எம்பி இடம்தான். கேமராவின் ஒரு படமோ, சுருக்குவதற்கு முன் பல எம்பி. அதனால் படத்தைச் செய்தியாக அனுப்புவதில்லை. படங்கள் பகிர்ந்த நினைவகத்தில் கிடக்கும். ‘இந்தப் படம் தயார், எடுத்துக்கொள்’ என்ற சின்னச் சேதி மட்டும் போகும். மூட்டை கிட்டங்கியிலேயே இருக்க, சீட்டு மட்டும் கைமாறுவது போல. சிறியதை நகலெடு, பெரியதைப் பகிர் என்பது இரண்டாவது கொள்கை.

ஆனால் பகிர்ந்த இடத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரே களத்தில் ஒருவர் காபியைக் குவிக்கும்போது இன்னொருவர் பரப்பினால் வேலை நாசம். ஆகவே பூட்டு வேண்டும்: ஒரு நேரத்தில் ஒருவர்தான் களத்தில் இறங்கலாம். பூட்டு வந்ததும் மறுபடி காத்திருப்பு வந்துவிடுகிறது.

மலைப்பாதையில் எதிரெதிரே

கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை அசையாமல் நிற்பது ஒரு முறை. கேட்டுவிட்டு வேறு வேலை பார்த்து, பதில் வந்ததும் திரும்பி வருவது இன்னொரு முறை. முதலாவது எளிது, நிரலைப் படித்தாலே நடப்பது புரியும். இரண்டாவதில் நேரம் வீணாகாது. ஆனால் எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். திரையைத் தொட்டால் பதில் சொல்ல வேண்டிய பகுதி ஒருபோதும் முதல் முறையில் நின்றுவிடக் கூடாது. தொட்டதற்கு 5 நொடி வரை அசைவில்லை என்றால் ஆண்ட்ராய்டு அந்தச் செயலி பதிலளிக்கவில்லை என்று அறிவித்துவிடும். பெரும்பாலும் அது எங்கோ ஒரு பதிலுக்காக வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருக்கும்.

நின்று காத்திருக்கும் முறையில் இன்னொரு ஆபத்து உண்டு. அ என்பவர் ஆ-வின் பதிலுக்காக நிற்கிறார். அதே நேரம் ஆ, அ-வின் பதிலுக்காக நிற்கிறார். இருவரும் நகரப் போவதில்லை. இதை முட்டுக்கட்டை என்று சொல்லலாம். மலையில் ஒற்றை வண்டி போகும் அகலத்தில் இரண்டு ஜீப்புகள் எதிரெதிரே வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

மலைச் சாலை அதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது. ஏறும் வண்டிக்கு முதல் உரிமை. இறங்குபவர் ஒதுங்க வேண்டும். சாலை விதிகளில் எழுதியே இருக்கிறது. இதன் அழகு, ஓட்டுநர்கள் இறங்கி வாதாட வேண்டியதில்லை என்பது. சந்திப்பதற்கு முன்பே யார் விட்டுக்கொடுப்பது என்பது முடிவாகிவிட்டது. இயங்குதளம் கட்டுபவர்களும் அதையே செய்கிறார்கள். புராசஸ்களை மேல், கீழ் என்று படிநிலையில் வைத்துவிடுவார்கள். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கேட்டு நிற்கலாம்; கீழே இருப்பவர் மேலே கேட்டு நிற்கக் கூடாது, சேதி போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்க வேண்டும். காத்திருப்பு எப்போதும் ஒரே திசையில் ஓடினால் வட்டம் உருவாகாது. வட்டம் இல்லையென்றால் முட்டுக்கட்டையும் இல்லை. இது மூன்றாவது கொள்கை.

டிராக்டருக்கும் சைரன்

பூட்டுக்காகக் காத்திருப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு; அது செவ்வாய்க் கோளில் நடந்தது. 1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் அங்கே இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி தானாகவே மறுபடி மறுபடி அணைந்து எழத் தொடங்கியது. காரணத்தைச் சித்தப்பாவுக்கு நம் சாலையை வைத்துத்தான் சொன்னேன்.

ஒற்றைப் பாதையில் வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் போகிறது. அதன் பின்னால் நோயாளியை ஏற்றிய ஜீப். ஒதுங்க இடமில்லை, டிராக்டர் பாதையைக் கடந்தால்தான் ஜீப்புக்கு வழி. பாதை முடியும் சந்திப்பில் சுற்றுலா வேன்கள் வரிசையாக வருகின்றன. டிராக்டரைவிட வேன் முக்கியம் என்று அங்கே ஒரு விதி. ஆகவே டிராக்டரை நிறுத்தி வேன்களை விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். விதிப்படி எல்லாம் சரி. ஆனால் எல்லோரையும்விட அவசரமான ஜீப், வேன்களுக்காகக் காத்துக் கிடக்கிறது.

பாத்ஃபைண்டரில் டிராக்டர் என்பது வானிலைத் தகவல் சேகரித்த பணி; முன்னுரிமை குறைவு. கருவிகளுக்கிடையே தகவலைக் கடத்த எல்லோரும் பகிர்ந்துகொண்ட ஒரு வளத்தை அது பூட்டி வைத்திருந்த நேரத்தில், நடுத்தர முன்னுரிமை கொண்ட வேறு பணி குறுக்கே வந்து ஓடியது. தகவல் பாதையை மேய்க்கும் உயர் முன்னுரிமைப் பணி அந்தப் பூட்டுக்காக நின்றது. குறித்த நேரத்துக்குள் அது தன் வேலையை முடிக்கவில்லை என்று கண்ட காவல் ஏற்பாடு, ஏதோ விபரீதம் என்று முழுக் கணினியையும் அணைத்து எழுப்பியது.

"அப்ப அந்த நேரத்துக்கு மட்டும் டிராக்டருக்கும் சைரன் போடணும்" என்றார் சித்தப்பா, டீயைக் கீழே வைத்துவிட்டு.

அதுவேதான் தீர்வு. பூட்டை வைத்திருப்பவருக்கு, அவருக்காகக் காத்திருப்பவர்களில் மிக உயர்ந்தவரின் முன்னுரிமையைக் கடனாகக் கொடு. பூட்டை விட்டதும் திரும்ப வாங்கிக்கொள். முன்னுரிமை மரபுரிமை என்று இதற்குப் பெயர். இதை முழுமையாக ஆராய்ந்து, காத்திருப்பு எவ்வளவு நேரத்துக்குள் அடங்கும் என்று நிறுவிய ஆய்வுக் கட்டுரை 1990 செப்டம்பரில் வெளிவந்தது. எழுதிய மூவர் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி. இவர்களில் ராஜ்குமார் 1984-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். பாத்ஃபைண்டரின் இயங்குதளத்தில் இந்த வசதி ஏற்கெனவே இருந்தது. அந்தப் பூட்டுக்கு மட்டும் அதை இயக்கவில்லை. பூமியிலிருந்த மாதிரிக் கலத்தில் கோளாறை மறுபடி வரவழைத்துப் பார்த்து, திருத்தத்தை விண்வெளி வழியே அனுப்பினார்கள். கோளாறு நின்றது.

நான்காவது கொள்கை: உனக்காக யார் காத்திருக்கிறாரோ அவருடைய அவசரம் உன் அவசரம். இன்றைய ஆண்ட்ராய்டிலும் பைண்டர் வழியே கேட்பவரின் முன்னுரிமை, வேலை செய்து கொடுப்பவருக்குக் கைமாறுகிறது.

சீட்டில் யார் பெயர்?

சித்தப்பாவின் முதல் கேள்விக்கு இப்போது வரலாம். பணம் அனுப்பும் செயலி கேமராப் புராசஸைக் கேட்கிறது. ‘நான் இன்னார்’ என்று செயலி தானே எழுதிக்கொண்டு போனால் எவரும் எவர் பெயரையும் எழுதலாம். அதனால் அனுப்புநர் பெயரை எழுதும் வேலை கெர்னலுடையது. ஒவ்வொரு செயலிக்கும் நிறுவும்போதே ஓர் எண் கிடைக்கிறது. பைண்டரில் போகும் ஒவ்வொரு செய்தியிலும் கெர்னல் அந்த எண்ணைப் பொறித்து அனுப்புகிறது. அதை வைத்து, இந்த எண்ணுக்கு உரிமையாளர் அனுமதி கொடுத்திருக்கிறாரா என்று மறுபக்கம் சரிபார்க்கிறார்கள். கொடுத்திருக்காவிட்டால் படம் கிடைக்காது. அந்த அனுமதியைப் பெறத்தான் திரையில் கேள்வி வந்தது.

பெயர் சரியாக இருந்தால் மட்டும் போதாது. உள்ளே எழுதியிருப்பதையும் வாங்குபவர் சோதிக்க வேண்டும். தெரிந்தவர் கொண்டுவந்த மூட்டையாக இருந்தாலும் எடை போட்டுத்தானே வாங்குகிறோம்.

ஆள் போய்விட்டால்

காத்திருப்பவருக்கு மிகப் பெரிய அநியாயம், ஒருபோதும் வரப் போகாதவருக்காகக் காத்திருப்பது. மறுபக்கப் புராசஸ் பாதியில் செத்துப் போனால்? டென்மார்க்கின் ஆர்சி 4000 கணினிக்கு 1969-இல் இயங்குதளம் கட்டிய பெர் பிரிஞ்ச் ஹன்சன் இதை அப்போதே யோசித்திருந்தார். செய்தி அனுப்பு, செய்திக்குக் காத்திரு, பதில் அனுப்பு, பதிலுக்குக் காத்திரு என்று நான்கே செயல்கள். இல்லாத ஒரு புராசஸுக்குச் செய்தி அனுப்பினால், கெர்னலே ஒரு வெற்றுப் பதிலை உருவாக்கித் தந்துவிடும். கேட்டவர் என்றென்றும் நிற்க மாட்டார். இன்று பைண்டரிலும், மறுபக்கம் இறந்தால் எனக்குச் சொல் என்று முன்கூட்டியே பதிந்துவைக்கலாம். கேமராவைப் பிடித்திருந்த செயலி நொறுங்கினாலும் அடுத்த செயலிக்குக் கேமரா கிடைப்பது அதனால்தான்.

வேகம் ஏன் அறம் ஆகிறது

"இத்தன வேலி, இத்தன காவல்... எல்லாம் மெதுவாகாதா?" என்று கேட்டார் சித்தப்பா.

ஆகும். எண்பதுகளில் வேலிகளைப் பெருக்கி இயங்குதளம் கட்ட முயன்றவர்கள் அதில்தான் மாட்டினார்கள். 50 மெகாஹெர்ட்ஸ் சில்லில் ஒரு சின்னச் செய்தியை வேலி தாண்டிக் கொடுக்க ஏறத்தாழ 100 மைக்ரோநொடி ஆனது. ஜெர்மனியின் யோகன் லீட்கே 1993-இல் அதை 5 மைக்ரோநொடியாக்கிக் காட்டினார். ஒரே ஒரு மந்திரத்தால் வந்த வேகம் இல்லை அது. சின்னச் செய்தியைச் சில்லின் பதிவேடுகளிலேயே வைத்துக் கொடுப்பது, பெரியதை ஒரே ஒருமுறை மட்டும் நகலெடுப்பது, பதிலுக்காக நிற்பவரிடமிருந்து பதில் சொல்பவருக்கு நேரே தாவுவது என்று ஒவ்வொரு படியிலும் மிச்சம் பிடித்தார். அவர் வழியில் வந்த எஸ்இஎல்4 என்ற கெர்னலை 2009-இல் ஆஸ்திரேலியாவில் கணித முறைப்படி சரியென்று நிரூபித்தார்கள்.

வேகத்துக்கு ஏன் இவ்வளவு பாடு? வேலி தாண்டிப் பேசுவது கடினமாக இருந்தால் மக்கள் வேலியை வெட்டிவிடுவார்கள். நிரல் எழுதுபவர்களும் அப்படித்தான். பேசுவதற்கு ஆகும் செலவு அதிகமானால், எல்லாவற்றையும் ஒரே புராசஸுக்குள் போட்டுவிடுவார்கள். அடுத்த ஸ்டேஜ்ஃப்ரைட்டுக்குக் கதவு திறந்துவிடும். வாசல் நன்றாக இருந்தால்தான் வேலி நிலைக்கும்.

சித்தப்பா திரையைப் பார்த்து, ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்பதைத் தொட்டார். பணம் போனது. மழையும் விட்டிருந்தது.

பண்ணைக்காட்டிலோ தாண்டிக்குடியிலோ பள்ளி முடித்துக் கணினி படிக்கக் கீழே இறங்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இரண்டு நிரல்களைப் பேசவைக்கும் வேலை ஒருநாள் உங்களுக்கு வரும். விசைப்பலகையைத் தொடும் முன் ஒரு தாளில் ஐந்து கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். தொட்டி நிறைந்தால் யார் நிற்பார்? எதை நகலெடுக்கிறேன், எதைப் பகிர்கிறேன்? எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்குவார்? வந்தவர் இன்னார் என்று யார் சாட்சி? போனவர் திரும்பாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? இந்த ஐந்துக்கும் பதில் எழுதிய பிறகே நிரலைத் தொடங்குங்கள். செய்தி அனுப்பும் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும், பதில் வராவிட்டால் என்ன செய்வது என்ற வரியையும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.